அறிவுரைத் துறையில் மட்டும் காலியிடமே இல்லை

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் ஊரே சுறுசுறுப்பாகிவிடுகிறது. வேலை கொடுக்க அல்ல, புத்தி சொல்ல. மளிகைக்கடைக்காரர் கம்ப்யூட்டர் கற்றுக்கொள் என்கிறார். கம்ப்யூட்டர் சென்டர்காரர் பேங்க் பரீட்சை எழுது என்கிறார். பேங்க்கில் ஓய்வுபெற்ற பெரியப்பா, "எங்க காலத்துல நாங்கல்லாம் இப்படியா தேங்கிக் கெடந்தோம்" என்று ஆரம்பிக்கிறார். அவர் காலத்தில் பேங்க்கில் ஆளெடுத்தார்கள். அந்தச் சின்ன விவரம் மட்டும் அவர் வாயில் வராது.

சொந்தக்காரர்களை விட்டுவிடலாம். அவர்களிடம் இருப்பது அறிவுரைதான், இருப்பதைக் கொடுக்கிறார்கள். வேலை கொடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அதையே கொடுக்கிறார்களே, அங்கேதான் நமக்கு வயிறு எரிகிறது.

வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பேனரில் 'மாபெரும்' என்று இருக்கும். ஒன்பது மணிக்கு வரச் சொன்ன பிள்ளைகள் எட்டு மணிக்கே பைலோடு வெயிலில் நிற்கும். பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வருவார். வந்ததும் நேரந்தவறாமையைப் பற்றிப் பேசுவார். குத்துவிளக்கு, பொன்னாடை, பூங்கொத்து. பிறகு அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: "இளைஞர்கள் வேலை தேடுபவர்களாக இருக்கக் கூடாது. வேலை கொடுப்பவர்களாக மாற வேண்டும்." கைதட்டல். வேலை தேடி வந்தவர்களுக்காக அரசுச் செலவில் போட்ட மேடையில் ஏறி நின்று, வேலை தேடாதே என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சொல்பவருக்கு அந்தத் தைரியம் சும்மா வரவில்லை. அவர் பிள்ளைக்குக் கல்லூரி இருக்கிறது, கல்குவாரி இருக்கிறது, பத்தாததற்கு அப்பாவின் தொகுதி இருக்கிறது.

விருந்தினர் கார் கிளம்பியதும் மேசைகளுக்கு வாருங்கள். ஒன்றில் செக்யூரிட்டி வேலை. ஒன்றில் இன்சூரன்ஸ். அதில் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். ஒன்றில் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ட்ரெய்னி. மாதம் 15,000 என்பார்கள், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்பது சேர்ந்த பிறகு தெரியும். கூட்டம் அதிகமாக நிற்கிற மேசையில் ஒரே கேள்வி: "சொந்தமா பைக் இருக்கா?" பி.காம். படித்தாயா, பி.எஸ்சி. படித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. அங்கே வேலை, மகளிர் குழு லோன் வசூல். அந்தப் பையன் முதல் மாதமே தன் அத்தை வீட்டு வாசலில் போய் நின்று, "அத்தை, இந்த வாரம் டியூ கட்டலையே" என்று கேட்க வேண்டும். அந்த லோனை அத்தை எதற்கு வாங்கினாள் தெரியுமா? தன் மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட.

பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமாம். கேட்டோமே. 2018 ஜனவரியில் பிரதமர் ஒரு டி.வி. பேட்டியில் சொன்னார், பக்கோடா விற்று நாளுக்கு 200 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோகிறவனும் வேலையில் இருப்பவன்தானே என்று. ஆமாம். அவன் வேலையில்தான் இருக்கிறான். அந்த வேலையை எந்த மத்திய அரசு உருவாக்கியது என்பதுதான் தெரியவில்லை. 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அது போதாது என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரலாமே, வீட்டில் பெண்டாட்டி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்பது அவர் கவலை. 2023-24-இல் அவருடைய ஊதியம் சுமார் 51 கோடி. ஒரகடத்தில் 15,000 வாங்குகிற நம் தம்பி அந்தத் தொகையைப் பார்க்க 2,800 ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும், ஞாயிறு உட்பட. கல்யாணம் பண்ணிக்கொள்ள அவனுக்கு வசதி இல்லாததால் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிற பிரச்சினை எழவில்லை.

2025 பிப்ரவரியில் மைசூர் வளாகத்தில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சி ஊழியர்களை இன்போசிஸ் வெளியே அனுப்பியது. அவர்களில் பலர் ஆபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள். உள் தேர்வில் தேறவில்லையாம். வாரம் 70 மணி நேரம் உழைக்க அந்தப் பிள்ளைகளும் தயாராகத்தான் வந்திருப்பார்கள்.

தனியாரை விடுங்கள், அவன் லாபத்துக்குக் கடை வைத்தவன். அரசாங்கத்துக்கு வருவோம்.

'திறன் போதவில்லை' என்கிறார்கள். பதினைந்து வருடம் பாடப்புத்தகத்தை அச்சடித்து, பரீட்சை வைத்து, மார்க் போட்டு, பட்டமளிப்பு விழாவில் அங்கி மாட்டிப் படமும் எடுத்துக்கொண்ட பிறகு, மறுநாள் காலை, உனக்குத் திறன் போதவில்லை என்கிறார்கள். சரி, அந்தத் திறனைக் கற்றுக்கொடுக்க ஆள் வைத்தீர்களா? 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி கற்பிக்க 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்கள் என்று எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். அ.தி.மு.க. எடுத்தது. நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் 181-ஆம் வாக்குறுதியாகத் தி.மு.க. எழுதியது. 2024-இல் அவர்கள் வாங்கியது 12,500. பன்னிரண்டு வருடம் கழித்தும் அதே பகுதி, அதே நேரம். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் இருக்கிறார். முனைவர் பட்டம், நெட், செட் எல்லாம் முடித்தவர். 2023-இல் உயர்த்தியபோது அவர் சம்பளம் 25,000 ஆனது. இளைஞர்களே, உயர்கல்வி படியுங்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது அவர்தான். சொல்லும்போது மாணவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டார்.

காலிப் பணியிடக் கதை இதைவிடச் சுவாரசியம். 2018 பிப்ரவரியில் அ.தி.மு.க. அரசு அரசாணை 56 போட்டது. எந்தப் பணியிடங்கள் தேவையில்லை, எவற்றை வெளியாரிடம் விடலாம் என்று ஆராய ஆதிசேஷய்யா தலைமையில் ஒரு குழு. அடுத்த தேர்தலில், அரசுத் துறைகளில் மூன்றரை லட்சம் காலியிடங்களை நிரப்புவோம், புதிதாக இரண்டு லட்சம் பணியிடம் உருவாக்குவோம் என்று தி.மு.க. வாக்குக் கேட்டது. போட்டோம். 2022 அக்டோபரில் அந்த அரசு அரசாணை 115 போட்டது. மனிதவளச் சீர்திருத்தம், ஒப்பந்த முறை என்று ஆராய இன்னொரு குழு. ஊழியர் சங்கங்கள் கொதித்து எழுந்ததும் பின்வாங்கினார்கள். 56 இருந்த இடத்தில் 115. இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ச்சி. வளர்ச்சி இல்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

நிரப்பியதைத்தான் பார்க்கிறோமே. 2022 ஜூலை 24 அன்று குரூப் 4 தேர்வு. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம். முடிவு வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாதம். ஒரு பிள்ளை கருவாகி உருவாகப் பத்து மாதம் என்று பார்த்தால் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 2025-இல் அறிவித்தது 3,935 இடம், விண்ணப்பம் 13.89 லட்சம். ஒரு நாற்காலிக்கு 350 பேர். மிச்சம் 349 பேருக்கும் கோச்சிங் சென்டர்காரர் சொல்கிறார்: "தோல்வி என்பது வெற்றியின் முதல் படி." படிக்கு இவ்வளவு என்று பீஸ் வாங்குபவர் அப்படித்தான் சொல்வார்.

நேர்மையாகப் படி, கட்டாயம் கிடைக்கும் என்பது அடுத்த அறிவுரை. 2019 செப்டம்பர் குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்களில் பலர் தரவரிசையின் உச்சியில் போய் உட்கார்ந்தார்கள். விடைத்தாளில் அவர்கள் எழுதியது சிறிது நேரத்தில் மறைந்துபோகிற மையால். பிறகு இடைத்தரகர்கள் சரியான விடையைக் குறித்துக்கொடுத்தார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதற்கு முன்பு 2017-இல் பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு. 1,058 இடம். 196 பேருக்கு மதிப்பெண் ஏற்றப்பட்டிருந்தது அம்பலமானதும் 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். மறையாத மையில் எழுதிய ஒரு லட்சத்துச் சொச்சம் பேரின் உழைப்பும் அத்தோடு ரத்து. மை விஷயத்தில் நம் பிள்ளைகள் இன்னும் பழைய ஆட்கள்தான்.

எந்த வேலையும் கேவலமில்லை என்பதும் ஒரு நல்ல அறிவுரை. நம் பிள்ளைகள் அதைக் கடைப்பிடித்தே காட்டிவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் சட்டமன்றச் செயலகத்தில் துப்புரவு வேலைக்கு 14 இடம். வந்த விண்ணப்பம் 4,607. எம்.டெக்., எம்.பி.ஏ. எல்லாம் அதில் அடக்கம். அதே ஆண்டு நவம்பரில் கோவை மாநகராட்சியில் 549 தூய்மைப் பணியாளர் இடத்துக்குப் பொறியாளர்களும் பட்டதாரிகளும் டிப்ளமோகாரர்களுமாக 7,000 பேர். கேவலம் யாருக்கு என்று அன்றைக்கு யாரும் மேடை போட்டுப் பேசவில்லை.

இதெல்லாம் கீழே. இனி கல்வராயன் மலைக்கு ஏறுவோம்.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதையில், எந்தக் கிராமத்திலாவது தன் வீட்டில் முதல் பட்டதாரி என்று ஒரு பெண் இருப்பாள். இவளுக்கு அறிவுரை சொல்ல மலையேறி யாரும் வருவதில்லை. அந்த ஒரு நிம்மதி அவளுக்கு உண்டு. ஆன்லைனில் விண்ணப்பம் போடச் சிக்னல் தேடிக் கீழே வர வேண்டும். வந்தால் முதல் கேள்வி, பழங்குடிச் சான்று எங்கே? அது கோட்டாட்சியர் கையில். மத்திய அரசின் பட்டியலில் இந்தப் பழங்குடிகள் இன்னும் தென்னாற்காடு மாவட்டத்தில்தான் வாழ்கிறார்கள். தென்னாற்காடு 1993-இல் பிரிந்து மேற்குப்பக்கம் விழுப்புரமானது. விழுப்புரம் 2019-இல் பிரிந்து கள்ளக்குறிச்சியானது. மலை ஓரடி நகரவில்லை. நின்ற இடத்திலேயே மூன்று கலெக்டர் ஆபீஸ் பார்த்துவிட்டது. "உங்க தாத்தா சான்று இருந்தா கொண்டா பாப்பா" என்கிறார் கிளார்க். 1976 வரை அந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து 29 ஆண்டு கழித்துத்தான் அரசாங்கம் மலையேறியது. தாத்தாவுக்குச் சான்று கொடுக்க வேண்டிய காலத்தில் அங்கே இல்லாத அரசாங்கம், இப்போது பேத்தியிடம் வந்து ஆதாரம் கேட்கிறது.

சுயதொழில் செய்யலாமே? செய்கிறார்களே. மரவள்ளி போடுகிறார்கள், ஆனால் விலை சொல்வது கீழே ஆத்தூர், சேலம் சேகோ ஆலைக்காரர்கள். கடுக்காய் பொறுக்குகிறார்கள். கடுக்காய் லேகியம் கடையில் என்ன விலை விற்கிறது என்று பாருங்கள், பொறுக்கியவருக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று வெள்ளிமலையில் விசாரியுங்கள். லேகியம் சாப்பிடாமலே உங்களுக்கு வயிறு கலக்கும்.

உண்மையைச் சொன்னால், இந்த மலைகளில் வாசல் தேடி வந்து ஆளெடுத்த தொழில்கள் இரண்டுதான். அனுபவம் கேட்கவில்லை. சாதிச் சான்று கேட்கவில்லை. மறையும் மை தேவைப்படவில்லை. முன்பணம் கையில் கொடுத்தார்கள். ஒன்று செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை போலீஸ் சுட்டுக் கொன்றது. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்கள் அந்த வேலைக்குப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்திருக்கிறார்கள். மரத்தைக் கப்பலேற்றிக் காசு பார்த்தவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அந்தக் காட்டில் இல்லை.

மற்றது சாராயம். கல்வராயன் மலை என்றதும் கீழே இருக்கிற நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஊறல் மலையில், குடிப்பது கீழே, மாமூல் எதுவரை போகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாத பரம ரகசியம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். மெத்தனால் கடுக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு. விற்றது மலை உச்சியில் அல்ல, கள்ளக்குறிச்சி நகரத்துக்குள். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்தில். முதல் சாவுகள் விழுந்தபோது கள்ளச்சாராயம் காரணமில்லை என்று கலெக்டர் சொன்னார். பிறகு கலெக்டருக்கு இடமாற்றம், எஸ்.பி.க்கு சஸ்பெண்ட். போலீஸ் வேன்கள் மலையேறி ஊறலை அழித்துப் படம் எடுத்துக்கொண்டன. மலையில் ரோடு இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, அங்கே ஜனங்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்துக் கேட்டது. கீழே அத்தனை பிணம் விழுந்த பிறகுதான் மேலே ஒரு ரோடு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியிருக்கிறது.

செத்தவர்களின் குடும்பத்துக்கு ஆளுக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு டெபாசிட், மாத உதவி, பட்டப்படிப்பு முடியும்வரை கல்விச் செலவு. கொடுக்கட்டும். கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பங்கள். அந்தப் பணத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு அறிவில்லை. நமக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளை அரசுச் செலவிலேயே பட்டம் வாங்கிவிடுகிறது. மறுநாள் காலை?

அதற்கும் அரசிடம் திட்டம் உண்டு. வேலையில்லாப் பட்டதாரிக்கு உதவித்தொகை, மாதம் 600 ரூபாய். நாளுக்கு 20. ஒரு டீயும் ஒரு வடையும்கூடச் சந்தேகம். அதுவும் பட்டம் வாங்கியதும் கிடைக்காது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் வேலையில்லாமல் இருந்து காட்ட வேண்டும். வேலையில்லாமல் இருப்பதற்கும் இங்கே முன்அனுபவம் கேட்கிறார்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 336. அந்தக் கணக்கில் அப்பா வருடத்தில் 215 நாள் கூலிக்குப் போய்விட்டால் போச்சு, மகன் பணக்கார வீட்டுப் பிள்ளை. இவ்வளவும் தாண்டி வந்தால் மூன்று வருடம் கொடுப்பார்கள். மொத்தம் 21,600. ஒரு பட்டதாரி விஷச்சாராயம் குடித்துச் செத்தால் அவன் வீட்டுக்கு 10 லட்சம். குடிக்காமல், ஒழுங்காகப் படித்து, ஐந்து வருடம் க்யூவில் நின்றால் 21,600. இந்தக் கணக்கைப் போட்டது நாமில்லை.

ஒரகடத்துக்குப் போக மனமில்லையா, உள்ளூரிலேயே கம்பெனி வருகிறது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவான் செருப்புக் கம்பெனி, 2,302 கோடி முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். வரட்டும், சந்தோஷம். அந்த 20,000 பன்னிரண்டு ஆண்டுகளில் என்பதை மட்டும் மேடையில் சத்தமாகச் சொல்லவில்லை. ஷூ தைக்கிற லைனில் பி.எஸ்சி. இயற்பியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் யாரும் சொல்லவில்லை.

பட்டதாரிதான் வேண்டும் என்று கேட்டு, ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கில் அரசு ஆளெடுத்த காலமும் இருந்தது. 2003 நவம்பர். டாஸ்மாக். சாராயக் கடைக்கு சூப்பர்வைசர் ஆக டிகிரி கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொகுப்பூதியம்தான், கவலைப்படாதே தம்பி, அரசாங்க வேலை, போகப் போக நிரந்தரம் ஆகிவிடும் என்று அன்றைக்கும் ஊரே புத்தி சொல்லியிருக்கும். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். இருபத்தோரு வருடமாகத் தொகுப்பூதியத்திலேயே நிற்கிற சூப்பர்வைசர்கள், விற்பனையாளர்கள், உதவியாளர்கள் மொத்தம் 23,629 பேருக்கு 2025 ஏப்ரல் முதல் மாதம் 2,000 ரூபாய் கூட்டினார்கள். அதற்கு ஆண்டுச் செலவு 64.08 கோடி என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது மேசையைத் தட்டினார்கள்.